அடியாத நாயும் படியும்

மனிதன் தன் இல்லத்து வாயிலில் முதன்முதலாக இடங்கொடுத்த விலங்கு நாயே ஆகும். பசுவும் ஆடும் அவனுடைய பட்டியை வந்து சேர்வதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாய் அவனுடைய அடுப்பங்கரையை அடைந்துவிட்டது. ஜெர்மனி நாட்டிலே பொன் என்னும் நகருக்கு அருகில் ஓபர்காசல் என்றோர் இடம் உண்டு. அங்கே 1914ஆம் ஆண்டில் ஒரு பழைய புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களுடன் ஓர் இளநாயும் அதில் அடக்கஞ் செய்யப்பட்டிருந்தனர். அக்குழி ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்த நாயின் பற்களை அண்மைக் காலத்தில் ஆராய்ந்த அறிஞர்கள், அது குட்டிப் பருவத்திற் கடும் நோயால் வருந்தியதென்றும், மனிதர் ஊட்டிப் பேணியிராவிடில் அத்தனை வாரங்கள் உயிரோடு இருந்திராதென்றும் கண்டனர். நோயுற்ற குட்டி வேட்டைக்கும் உதவாது, காவலுக்கும் உதவாது. அவ்வாறிருந்தும் அதனைக் கைவிடாத மனிதர் அக்காலத்திலேயே இருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழர் வாழ்விலும் நாய்க்கு நெடுங்காலமாக இடமுண்டு. சங்கப் புலவர்கள் ஞமலி என அழைத்த நாய், குறிஞ்சி நிலத்து வேட்டுவனின் இணைபிரியாத் துணை. நாலடியார் நட்பைப் பற்றிப் பேசுமிடத்து, யானையை ஒத்த பெரியவரின் நட்பினும் நாயை ஒத்த எளியவரின் நட்பே கொள்ளத்தக்கது என்று கூறுகின்றது. பாரதக் கதையிலே, தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுத் தனியே சுவர்க்கம் புகுவதற்குத் தருமன் இசையவில்லை. வைரவப் பெருமானுக்கு நாயே வாகனம். இத்தனை சிறப்பும் ஒருபுறமிருக்க, ஒருவனை இழித்துரைக்க விரும்புவோர் முதலில் எடுக்கும் சொல்லும் ‘நாய்’ என்பதேயன்றோ! புகழும் வசையும் ஒருங்கே பெற்ற பிராணி இதுபோல் வேறொன்றில்லை. நமது நடத்தையும் அப்படியே அமைந்துவிட்டது. வாசலில் நின்று குரைக்கும்போது வேண்டியதாயிருக்கும் நாய், குட்டி ஈன்ற மறுநாளே வேண்டாததாகிவிடுகின்றது.

கண்டி மாவட்டத்தின் தென்பால், மகாவலி கங்கையின் கரையிலே, தேயிலை மலைகள் சூழ அமைந்துள்ள நாவலப்பிட்டியை நேயர்கள் அறிவர். 1874ஆம் ஆண்டில் புகையிரதம் வந்து சேர்ந்த காலந்தொட்டு மலையேறுவோருக்கும் மலையிறங்குவோருக்கும் அது தங்குமிடமாக இருந்து வருகின்றது. இத்தகைய ஊர்களில் இருவகை நாய்களைக் காணலாம். தோட்டத்து லயன்களிலே வாசலுக்கு ஒன்றாகக் கிடப்பவை ஒருவகை. சந்தை, பஸ் நிலையம், புகையிரத நிலையம், இறைச்சிக் கடை ஆகியவற்றைச் சுற்றித் திரியும் கட்டாக்காலிகள் மற்றொரு வகை. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே மதில் ஒன்றுமில்லை. இன்று லயன் வாசலிற் பிறந்த பெண்குட்டி, நாளை ஒரு சாக்குப்பையில் வந்து சந்தை ஓரத்தில் இறங்கினால் அதுவே கட்டாக்காலி. தெருநாய் தெருவிலிருந்து முளைப்பதில்லை. யாரோ ஒருவர் வீட்டிலிருந்தே புறப்படுகின்றது. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

நாய்கள் பெருகியபோது அவற்றைக் கொன்று குறைப்பதே முற்காலத்தார் அறிந்த வழி. இலங்கையில் விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. வளர்ப்பவர் தம் நாயை உள்ளூராட்சிச் சபையிற் பதிவு செய்யவேண்டும்; உரிமையாளரின்றித் திரிவது பிடிக்கப்படும். பிடிக்கப்பட்டவற்றின் கதி யாதென்பதைச் சொல்லவேண்டியதில்லை. பல்லாண்டுகள் இவ்வாறு கொன்றும் நோய் ஒழியவில்லை. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 377 பேர் விசர்நோயால் மாண்டனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் வேலை நாடெங்கும் பரவியதாலும், கடியுண்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைத்ததாலும் அத்தொகை படிப்படியாகக் குறைந்து, அண்மை ஆண்டுகளில் இருபது முப்பது என்னும் அளவில் நிற்கின்றது. உயிர்களைக் காத்தது சுருக்குக் கயிறன்று, ஊசியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2006ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்லலாகாதென்னும் கொள்கையை அரசாங்கம் மேற்கொண்டது. கருணையுள்ள எவரும் அதனை வரவேற்பர். ஆனால் கொல்வதை நிறுத்திவிட்ட சமூகம் பேணுவதைத் தொடங்காவிட்டால் அக்கருணை குறைப்பட்டதாகவே முடியும். முன்னர் நகரசபையின் கையிலிருந்த பொறுப்பு, இப்பொழுது ஒவ்வொரு வீட்டுக்காரரின் கைக்கும் வந்திருக்கின்றது. தமிழகத்துச் சென்னை நகரிலும் இதே பாடம் கற்கப்பட்டது. அங்கே 1959ஆம் ஆண்டில் கப்டன் வி. சுந்தரம் என்பார் நிறுவிய நீலச் சிலுவைச் சங்கம், கொல்லுதல் பயனற்றதென்றும், கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென்றும் நீண்ட காலம் எடுத்துரைத்து வந்தது. 1996ஆம் ஆண்டிலேதான் அந்நகர மாநகராட்சி அம்முறையை ஏற்று நடக்கத் தலைப்பட்டது. ஒரு நல்ல கருத்து நாட்டில் வேர்கொள்வதற்கு எத்தனை பொறுமை வேண்டியிருக்கின்றது, பாருங்கள்!

நாய் வளர்ப்பவரின் கடமைகளை மூன்றாக வகுக்கலாம். நாய்க்கு நல்ல பழக்கங்களைக் கற்பித்தல் ஒன்று. நோயினின்றும் துன்பத்தினின்றும் அதனைக் காத்தல் மற்றொன்று. வேண்டாத குட்டிகள் பிறவாமற் பார்த்துக்கொள்ளுதல் மூன்றாவது. இவற்றுட் கற்பித்தலே பலராலும் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டிருப்பதால், அதனை முதலில் ஆராய்வோம்.

‘அடியாத மாடு படியாது’ என்பது பழமொழி. ‘நாய் வாலை நிமிர்த்த முடியாது’ என்பது மற்றொன்று. முன்னது பிரம்பை எடுக்கச் சொல்கின்றது. பின்னது முயற்சியையே கைவிடச் சொல்கின்றது. இரண்டையும் நம்பி நடப்பவர் வீட்டிலே நாய் அடியும் வாங்கும், கல்லாமலும் இருக்கும். பிள்ளைகளைப் பற்றியும் ஒருகாலத்தில் இவ்வாறே எண்ணினர். பிரம்பின்றிப் பாடசாலை நடவாது என்பது பழைய நம்பிக்கை. ஆயினும் பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிற் சுற்றறிக்கை விடுத்தது. பிள்ளை அச்சத்தாற் கற்பது பாடத்தையன்று, அச்சத்தையே என்பது கல்வியாளர் கண்ட முடிவு. நாயைப் பற்றிய விஞ்ஞானமும் அம்முடிவுக்கே வந்திருக்கின்றது.

நாய்ப் பயிற்சியின் வரலாறு சுவையானது. ஜெர்மன் பொலிஸ் பயிற்சியாளராகிய கொன்ராட் மோஸ்ட் 1910ஆம் ஆண்டில் எழுதிய நூல், கழுத்துப் பட்டியைச் சுண்டி இழுத்தும் வலியுண்டாக்கியும் பணியச் செய்யும் முறையை நெடுங்காலம் பரப்பிற்று. பின்னர் 1947ஆம் ஆண்டில் ருடோல்ப் ஷெங்கல் என்னும் அறிஞர், அடைப்பிலே கூட்டி வைக்கப்பட்ட ஓநாய்களை ஆராய்ந்து, அவை தலைமைக்காக ஓயாது பொருதுவதாக எழுதினார். அதிலிருந்தே ‘நாய்க்கு நீ தலைவனென்று காட்டு; அடக்கி ஆள்’ என்னும் கொள்கை பிறந்தது. ஆனால் காட்டிலே சுயேச்சையாக வாழும் ஓநாய்களைப் பல்லாண்டுகள் கவனித்த அமெரிக்க அறிஞர் டேவிட் மெக், ஓநாய்க் கூட்டமென்பது தாயும் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999ஆம் ஆண்டில் விளக்கினார். அங்கே தலைமை என்பது பெற்றோர்மை. சிறையிற் கண்ட சண்டையைச் சுபாவமென்று கருதியதே முன்னோர் செய்த பிழை.

உயிர்கள் எவ்வாறு கற்கின்றன? இவ்வினாவுக்கு விடை கண்டோர் மூவரை இங்கே குறிப்பிடலாம். எட்வர்ட் தோர்ண்டைக் 1898ஆம் ஆண்டில் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்து, இன்பமான பயனைத் தரும் செயலை உயிர்கள் மீண்டும் செய்கின்றன என்று கண்டார். 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பவ்லோவ், உணவுக்கு முன் எழும் ஓசையைக் கேட்டதுமே நாய்க்கு வாயூறுவதைக் காட்டினார். இவ்விரு உண்மைகளையும் இணைத்து, ஒரு சிறு ஓசையையும் அதனை அடுத்து ஒரு துண்டு உணவையும் கொண்டு வீட்டு நாய்க்கு எதையும் கற்பிக்கலாமென்று பி. எப். ஸ்கின்னர் 1951ஆம் ஆண்டில் எளிய கட்டுரையொன்று எழுதினார். பிரம்பு வேண்டுமென்று அவர் கூறவில்லை.

இம்முறையை எந்த லயன் வாசலிலும் கைக்கொள்ளலாம். விலையுயர்ந்த பண்டம் எதுவும் வேண்டியதில்லை. வறுத்த நெத்தலி நாலைந்தும், பொறுமையும் போதும். நெத்தலித் துண்டை நாயின் மூக்குக்கருகே பிடித்து மெல்லத் தலைக்கு மேலாக நகர்த்தினால், அதனை அண்ணாந்து பார்க்கும் நாய் தானே பின்புறத்தைத் தாழ்த்தி இருக்கும். இருந்த அக்கணமே ‘நல்லது’ என்று சொல்லித் துண்டைக் கொடுக்கவேண்டும். ஓரிரு விநாடி பிந்தினாலும் எதற்காகப் பரிசு கிடைத்ததென்பது அதற்கு விளங்காது. பத்து முறை இவ்வாறு செய்த பின்னர் ‘இரு’ என்ற சொல்லைச் சேர்க்கலாம். ஐந்து நிமிடத்திற்கு மேற் பாடம் நீளலாகாது. சலிப்புறுமுன் நிறுத்திவிட்டால் மறுநாட் பாடத்திற்கு அதுவே ஓடி வரும். பழக்கம் நன்கு பதிந்தபின் ஒவ்வொரு முறையும் உணவு வேண்டியதில்லை. சிலவேளை உணவும், சிலவேளை தடவலும், சிலவேளை நல்ல சொல்லும் போதுமானவை.

மலையகத்து நாய்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. வீட்டிலே தமிழ், தெருவிலே சிங்களம், கட்டளையிடும்போது மாத்திரம் ஆங்கிலம் என்று மும்மொழியும் அவற்றின் காதில் விழுகின்றன. ஐயா ‘சிட்’ என்கின்றார். அம்மா ‘உட்காரு’ என்கின்றார். பிள்ளை ‘இரு’ என்கின்றது. மூன்றும் ஒன்றென்று நாய்க்கு எங்ஙனம் தெரியும்? எந்த மொழியாயினும் குற்றமில்லை. ஆனால் ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று வீட்டார் யாவரும் உடன்பட்டுக்கொள்ளவேண்டும். அவ்வாறே, நாற்காலியில் ஏறுவதை ஒருவர் கொஞ்சி மகிழ்ந்து, மற்றொருவர் அதற்காக அடித்தால், நாய் குழம்புமேயன்றித் திருந்தாது.

‘வா’ என்னும் சொல்லே நாய் கற்கவேண்டிய சொற்கள் எல்லாவற்றுள்ளும் தலையாயது. வாகனம் வரும் வழியிலிருந்து அதனைக் காப்பாற்றுவது அச்சொல்லே. ஆதலின், வந்த நாயை ஒருபோதும் தண்டிக்கலாகாது. அரைமணி நேரம் போக்குக் காட்டிவிட்டு வந்தாலும், வந்ததற்காக அதனைப் பாராட்டவே வேண்டும். அழைத்து அடித்தால், அழைப்புக் கேட்டதும் ஓடிவிடவேண்டும் என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

செருப்பைக் கடித்த நாயை மாலையில் வந்து அடிப்போர் பலர். ‘செய்த குற்றம் அதற்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே விளங்குகிறதே’ என்று அவர்கள் கூறுவர். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். தலை குனிந்து, காது தாழ்த்தி, வாலை ஒடுக்கும் அந்தப் பார்வை, குற்றம் செய்த நாயிடம் மாத்திரமன்றிச் செய்யாத நாயிடமும் தோன்றிற்று. எசமானர் கடிந்தபோதே அது மிகுந்தது. நாம் குற்ற உணர்ச்சியென்று கருதுவது நமது சினத்தைக் கண்ட அச்சமே. காலையில் நடந்ததற்கு மாலையில் விழும் அடியை நாய் செருப்போடு தொடர்புபடுத்துவதில்லை. வீடு திரும்பும் மனிதரோடேயே தொடர்புபடுத்துகின்றது.

அடியால் விளையும் பெருங்கேடு இன்னொன்றுண்டு. உறுமுதல் நாயின் எச்சரிக்கை. ‘எனக்கு அச்சமாயிருக்கிறது, விலகு’ என்பதே அதன் பொருள். உறுமியதற்காக அடிபட்ட நாய், அச்சம் நீங்காமல் எச்சரிக்கையை மாத்திரம் விட்டுவிடும். பின்னர் ஒரு நாள் யாதொரு சத்தமுமின்றிக் கடித்துவிடும். ‘நல்ல நாய், திடீரென்று கடித்துவிட்டது’ என்று கூறப்படும் சம்பவங்களில் இத்தகையன பல. வாலாட்டும் நாயெல்லாம் மகிழ்ச்சியோடிருக்கின்றது என்பதும் தவறு. உடல் தளர்ந்து பின்புறமெல்லாம் அசைய ஆட்டுவது நட்பு. உடல் விறைத்து, வாலை உயர்த்தி, நுனியை மாத்திரம் துடிக்க விடுவது எச்சரிக்கை.

பயிற்சியின் பலனை நேரிற் காண விரும்புவோர் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. கண்டி அஸ்கிரியவிலே இலங்கைப் பொலிஸ் திணைக்களத்தின் நாய்ப் பிரிவுக்குத் தலைமையகம் அமைந்துள்ளது. இந்நாட்டவருள் முதன்முதற் பொலிஸ்மா அதிபராகிய சேர் ரிச்சட் அலுவிகாரையின் காலத்தில், 1948ஆம் ஆண்டில், அப்பிரிவு தொடங்கப்பட்டது. குற்றவாளியின் தடம் பற்றிச் செல்லவும், வெடிபொருளையும் போதைப்பொருளையும் மோப்பத்தாற் கண்டறியவும் நாய்கள் அங்கே பழக்கப்படுகின்றன. இத்தகைய மோப்ப வேலையை எந்த நாட்டிலும் அடித்துச் செய்விக்க இயலாது. மனிதனின் மூக்கிலே மணத்தை அறியும் உணரிகள் ஐம்பது அறுபது இலட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை இருபது முப்பது கோடி. அந்த வியத்தகு கருவி மனிதனுக்காக இயங்கவேண்டுமாயின் நாய் தானே விரும்பித் தேடவேண்டும். தேடிய பொருளைக் கண்டதும் அதற்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் ஒரு பந்து விளையாட்டே. ஒரு பந்துக்காக அது மனித உயிர்களைக் காத்துத் தருகின்றது.

கற்பித்தலுக்குரிய பருவமும் உண்டு. குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம் வரை உலகத்தோடு அது உறவு கொள்ளும் காலம். அக்காலத்திற் காணும் மனிதரும் கேட்கும் ஓசைகளும் பின்னர் அதற்கு அச்சந்தரா. குடை பிடித்தவர், கொழுந்துக் கூடை சுமந்தவர், சீருடையணிந்த பிள்ளைகள், புகையிரதத்தின் ஊதொலி, கோயில் மேளம் ஆகிய எல்லாவற்றையும் பதற்றமில்லாத முறையிற் காணவும் கேட்கவும் செய்தல் நன்று. எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பது தீது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதே, எவ்வளவு கடித்தால் நோகும் என்பதை அது கற்கின்றது.

இனி, சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. இரவும் பகலும் முழ நீளச் சங்கிலியிற் கட்டப்பட்ட நாய் நல்ல காவல் நாயாகும் என்பது பரவலான எண்ணம். உண்மையிலே, தப்பி ஓட வழியற்ற உயிர் அஞ்சினால் எதிர்த்துத் தாக்கும். ஆதலாற் கட்டிய நாயிடம் கடிபடுவோர் பெரும்பாலும் அண்டை வீட்டுச் சிறுவரே. மலைப் பகுதிகளிலே மற்றோர் ஆபத்தும் உளது. இரவில் வெளியே கட்டப்பட்ட நாயைச் சிறுத்தை எளிதிற் கவர்ந்து செல்லும். சிறுத்தை லயனை நாடி வருவதற்கு அந்நாயே காரணமாகிவிடுவதுமுண்டு. அதற்காக அவிழ்த்து மலையில் அலைய விடுவதும் முறையன்று. பன்றிக்கும் மரைக்கும் வைக்கும் கம்பிக் கண்ணிகள் தேயிலை மலைகளிற் பல. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றிலே அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய கண்ணியிற் சிக்கிச் சில நாட்களில் மாண்டது. சிறுத்தையைக் கொல்லும் கம்பி நாயை விட்டுவைக்குமா? பகலில் வேலியடைப்புக்குள் உலாவவும், இரவில் மழைபடாத மூடிய இடத்தில் உறங்கவும் வழி செய்வதே தக்கது. அடைப்பு அமைக்க இயலாதோர், இரண்டு கம்பங்களுக்கு இடையே நீளக் கம்பி கட்டி, அதில் ஓடக்கூடிய வளையத்திற் சங்கிலியை மாட்டிப் பகலிற் சில மணி நேரம் விடலாம். நாள்தோறும் இருமுறை உடன் அழைத்துச் சென்றால் நாயின் உடலும் மனமும் அமைதியடையும்.

உணவிலும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சோற்றோடு மீனோ முட்டையோ பருப்போ சேர்த்து, காரமும் மிகுந்த உப்பும் இன்றிக் கொடுக்கலாம். வெங்காயமும் சொக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழியெலும்பு உடைந்து ஊசி போலாகிக் குடலைக் கிழிக்கும். நல்ல நீர் எப்பொழுதும் அருகே இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் உண்ணியும் அட்டையும் பற்றியிருக்கின்றனவா என்று விரல்களின் இடுக்கிலும் காதுகளிலும் பார்த்தல் அவசியம். நோய் கண்டால் அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்தியரை நாடலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையும் நாவலப்பிட்டியிலிருந்து எட்டாத தொலைவில் இல்லை.

விசர்நோய்த் தடுப்பூசி இவையனைத்தினும் முதன்மையானது. மனிதருக்கு உண்டாகும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயின் மூலமே வருகின்றது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இயலாதது. ஆனால் வராமற் தடுப்பது மிக எளிது. லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாளன்று ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஊசியேற்றி அவனைக் காப்பாற்றினார். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏற்றப்பட்டிருந்தால் நோய் பரவ வழியின்றி அடங்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆகவே, ‘என் நாய் வீட்டை விட்டு வெளியே போவதில்லை’ என்று ஒருவர் ஒதுங்குவது தம்மை மாத்திரமன்றி ஊரையே பாதிக்கும். சுகாதாரப் பகுதியினர் தடுப்பூசி ஏற்ற வரும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்து, ஆண்டுதோறும் நாயைக் கொண்டு செல்லவேண்டும். கொடுக்கும் அட்டையைப் பத்திரமாக வைக்கவேண்டும். அந்நாளில் நாயைப் பிடிக்க இயலாமல் ஊர் முழுதும் துரத்தும் காட்சியை எங்கும் காணலாம். அழைத்தால் வரவும், தொட்டால் அஞ்சாமல் நிற்கவும் முன்னமே கற்ற நாய்க்கு ஊசியேற்றுவது ஒரு நிமிட வேலை. அன்பான பயிற்சி உயிர்காக்கும் பயிற்சியாவது இவ்விடத்திலேதான்.

எவரையேனும் நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, புண்ணை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், மிளகாய்த் தூள், கோப்பித் தூள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் கூடாது. பின்னர் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பார்வை பார்ப்பதிலும் மந்திரிப்பதிலும் கழியும் நாட்கள் திரும்பி வாரா. கடித்த நாயை அடித்துக் கொல்லலாகாது. அதனைத் தனியே கட்டி, வைத்தியர் குறிக்கும் நாட்கள் வரை கவனித்தால் நோயுண்டா இல்லையா என்பது தெரியவரும். கடித்தது குட்டிதானே என்று அலட்சியம் செய்வதும் தவறு. குட்டியும் விசர்நோயைக் கொண்டிருக்கலாம். பிள்ளைகளிடம் இவ்விஷயத்தை அச்சமின்றிச் சொல்லும்படி பழக்கவேண்டும். கடிபட்டதைச் சொன்னால் அடிவிழுமென்று அஞ்சி மறைத்த பிள்ளை, உயிரையே இழக்க நேரும். வீட்டில் நாய்க்கும் பிள்ளைக்கும் ஒருங்கே அடியில்லாத ஒழுங்கு வேண்டுமென்பதற்கு இதனினும் வலிய காரணம் இல்லை.

நாயைப் பழக்குவது போலப் பிள்ளைகளையும் பழக்குதல் தகும். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் நாயையும் அணுகலாகாது. அறியாத நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல், கைகளை ஒடுக்கி, அதன் கண்ணை உற்று நோக்காமல், மரம்போல் நிற்கவேண்டும். ‘நாயைக் கண்டாற் கல்லைக் காணோம்’ என்று தேடுவதை விட்டுவிட்டால் தெருநாய்களின் மூர்க்கமும் பாதி குறையும்.

மூன்றாவது கடமை, பெருக்கத்தைத் தடுப்பது. நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஒரு பெண்நாய் ஆண்டில் இருமுறை, முறைக்கு நாலைந்து குட்டிகளாயினும் ஈனக்கூடும். அத்தனை குட்டிகளுக்கும் நல்ல வீடுகள் எங்கே இருக்கின்றன? பெண்குட்டிகளைச் சந்தையிலும் கோயில் வாசலிலும் பாலத்தடியிலும் விட்டுச் செல்வோர், ‘யாராவது வளர்ப்பார்கள்’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். பசியாலும் வாகனத்தாலும் நோயாலும் அவற்றுட் பெரும்பாலன மடிகின்றன; எஞ்சியவை மேலும் குட்டிகளை ஈனுகின்றன. கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒருமுறை செய்தாற் போதும். இத்துயரச் சங்கிலி அங்கேயே அறுபடும். கருத்தடை செய்வது பாவமென்று தயங்குவோர், கண் திறவாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து மழையில் விடுவது எவ்வகைப் புண்ணியமென்று எண்ணிப் பார்ப்பாராக.

மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதில் விதிக்கப்பட்ட அபராதம் நூறு ரூபா வரையில். அக்காலத்தில் அது பெருந்தொகை. காலம் மாறியபோது பொருளற்றதாயிற்று. 2006ஆம் ஆண்டில் சட்ட ஆணைக்குழு விலங்கு நலனுக்கான புதிய சட்ட வரைவொன்றை ஆக்கியது. சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும், ஒவ்வொரு லயன் வாசலிலும் ஒரு பரிசோதகரை நிறுத்த அதனால் ஆகாது. சாக்குப்பையோடு சந்தைக்குப் புறப்படும் கையைத் தடுக்கவல்லது அக்கைக்குரியவரின் மனமே.

ஆகவே, குட்டியொன்றை வீட்டுக்குக் கொண்டுவருமுன் வீட்டார் கூடிச் சில வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இதற்கு உணவிட இயலுமா? ஆண்டுதோறும் ஊசிக்குக் கொண்டு செல்பவர் யார்? குடும்பம் வேறிடம் மாறினால் இதன் கதி என்ன? கிழடான பின்பும் இதற்கு வாசலில் இடமுண்டா? இவற்றுக்கு விடை இல்லையாயின் குட்டியை ஏலாமலிருப்பதே கருணை. விடை உண்டாயின், நாளைக்கு ஐந்து நிமிடமும், நாலைந்து நெத்தலியும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் ஒழுங்கும் கொண்டு அதனை வளர்க்கத் தொடங்கலாம். சில வாரங்களில், அழைத்த குரலுக்குத் தேயிலைச் செடிகளின் இடையே இருந்து அது ஓடி வரும்போது, பிரம்பு செய்ய இயலாததை அன்பு செய்துவிட்டதை வீட்டார் யாவரும் கண்கூடாகக் காண்பர்.